தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையோடு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 18 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து, மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட்ட பிறகும் சிலர் கிளம்பாமல் வராந்தாவில் நிற்பார்கள். "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள். அப்படி என்னிடம் வந்த கேள்விகள்தான் இவை. எனக்கும் இரண்டு பிள்ளைகள். மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அதனால் சில பதில்கள் வகுப்பறையில் கற்றவை, சில என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டவை.

நேற்றுவரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறது. நாங்கள் எங்கே தவறிவிட்டோம்?

பெரும்பாலான வீடுகளில் யாரும் எங்கும் தவறவில்லை. அந்த வயதுக்கு உரிய வேலையைப் பிள்ளை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ரீட் லார்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒரு பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் எங்கே, யாரோடு இருக்கிறாய் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பில் விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதம் குடும்பத்தோடு கழிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அது 14 சதவீதம். இந்த ஆய்வு வெளியானது 1996-இல். பிள்ளைகள் கையில் செல்போன் வராத காலம் அது. ஆகவே எல்லாப் பழியையும் போன் மேல் போட முடியாது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அம்மாவோடு தனியாக, அப்பாவோடு தனியாக இருந்த நேரம் குறையவே இல்லை. எல்லாரும் கூடி உட்காரும் நேரம்தான் சுருங்கியது. கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்கிற பையன், உங்களோடு மட்டும் வண்டியில் ரேஷன் கடைக்கு வருவான். கூப்பிட்டுப் பாருங்கள்.

2022-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு மூளை ஆய்வைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அம்மாவின் குரலைக் கேட்டால் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொள்கின்றன. 13 வயதுக்கு மேல் இது மாறி, முன்பின் அறியாத குரல்களுக்கு அந்தப் பகுதிகள் அதிகமாகத் துள்ளுகின்றன. நான்கு முறை கூப்பிட்டும் திரும்பாத மகன், தெருவில் நண்பன் ஒரு விசில் அடித்தால் எழுந்து ஓடுவது இதனால்தான் போலிருக்கிறது. வெளி உலகத்தைக் கேட்கத் தயாராகிறான். நம்மை வெறுத்துவிட்டான் என்று இதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம். நம் ஊரில் நிறைய வீடுகளில் சாத்திக்கொள்ளக் கதவே கிடையாது. ஹால்தான் படுக்கையறை, அதுதான் படிக்கும் இடம். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காதில் மாட்டும் ஹெட்போன்தான் கதவு, மொட்டை மாடிதான் தனி அறை. ஒரு மணி நேரம் மாடியில் தனியாக இருந்தால் இருக்கட்டும்.

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள். இதை எப்படி நிறுத்துவது?

எதைப் பற்றிச் சண்டை வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். தலைமுடி, துணி, மேசைமேல் குவிந்து கிடக்கும் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கும் நேரம், சாப்பிடும்போது போன். முக்கால்வாசி இவைதான் இருக்கும். ஜூடித் ஸ்மெட்டானா என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இந்த வீட்டுச் சண்டைகளையே ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது: இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றும், உண்மையில் பேசுவது வேறு வேறு. நமக்கு அது வீட்டு ஒழுங்கு, பிள்ளைக்கு அது தன் சொந்த விஷயம். "அலமாரியை அடுக்கி வை" என்கிறோம். "என் அலமாரி" என்பது அவள் காதில் விழுகிறது.

என் மகன் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே குருவிக்கூடு மாதிரி முடி வளர்த்தான். மூன்று மாதம் தினமும் காலையில் அதே பேச்சு. பள்ளியில் நூறு பிள்ளைகளை முடி வெட்டிவரச் சொல்லும் ஆசிரியையின் மகனே இப்படி இருக்கிறானே என்ற கூச்சம் எனக்கு. ஒருநாள் அவன், "உனக்கு என் முடி பிடிக்கலையா, இல்ல மத்த டீச்சர்ங்க என்ன சொல்வாங்கன்னு பயமா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பள்ளி விதிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டு, மிச்சம் உன் இஷ்டம் என்று முடித்துக்கொண்டோம். காலை நேரம் அமைதியானது.

விட்டுக்கொடுக்கக்கூடாத விஷயங்களும் உண்டு: பாதுகாப்பு, அடுத்தவரைப் புண்படுத்துவது, பொய், பணம். இவற்றில் உறுதியாக இருக்கலாம், இருக்க வேண்டும். அந்த உறுதிக்கு மதிப்பு வர வேண்டுமானால் முடி விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வரத்தான் வேண்டும். அப்புறம், மறுத்துப் பேசுவது வேறு, கெட்ட வார்த்தையில் திட்டுவது வேறு. "நீ சொல்றது சரியில்லம்மா" என்று சொல்லப் பிள்ளைக்கு இடம் வேண்டும். அந்த ஒரு வரியை நம்மிடம் சொல்லிப் பழகாதவள், நாளைக்கு நண்பர் கூட்டத்தில் வேண்டாத ஒன்றுக்கு எப்படி மறுப்புச் சொல்வாள்?

இந்தச் சண்டைகள் இப்படியே போகுமோ என்று பயப்படவும் வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பதின்வயது தொடங்கும்போதுதான் சண்டையின் எண்ணிக்கை அதிகம். போகப் போகக் குறைகிறது. நடுவில் சில வருடம் சூடு மட்டும் ஏறும்.

எங்கள் அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் நடுங்குவோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பயமே இல்லையே?

அந்தப் பயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் வேறு யார் யார் இருந்தார்கள் என்றும் நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஆச்சி இருந்தார். ஆச்சிக்குப் புரியாததைக் கேட்க அடுத்த தெருவில் சித்தி இருந்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் 38 மார்க் வாங்கியபோது நான் முதலில் போய் நின்றது மாமாவிடம்தான். அவர் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு, தானே போய் அப்பாவிடம் பேசினார். அப்பாவின் கண்டிப்பு தாங்கக்கூடியதாக இருந்தது, அதைச் சுற்றி இத்தனை பேர் இருந்ததால்தான்.

இன்று வேலைக்காகத் திருப்பூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் வந்துவிட்ட குடும்பத்தில் நான்கே பேர். மாமா வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்புகிறார். பிள்ளை எதையாவது சொல்ல வேண்டுமானால் அம்மா, இல்லாவிட்டால் அப்பா. இரண்டு பேரிடமும் பயம் என்றால் மிச்சம் இருப்பது அதே வயது நண்பன், அல்லது போனில் முகம் தெரியாத ஆள். அந்தக் கால அப்பாவை மட்டும் திரும்பக் கொண்டுவந்து, ஆச்சியையும் மாமாவையும் விட்டுவிட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

அதனால் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, நம்பகமான ஒரு பெரியவரைப் பிள்ளையின் வாழ்க்கைக்குள் வேண்டுமென்றே கொண்டுவாருங்கள். அத்தையோ, பெரியப்பா மகளோ, பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியரோ, விளையாட்டுப் பயிற்சியாளரோ. "என்கிட்ட சொல்ல முடியாததை அத்தைகிட்ட சொல்லு, அத்தை என்கிட்ட வந்து சொல்ல மாட்டா" என்று சொல்லுங்கள். பிறகு அத்தையைத் துருவிக் கேட்காதீர்கள். ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் அத்தை உங்களிடம் வருவார் என்பதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ஆச்சி செய்த வேலையில் கொஞ்சத்தை நாமே செய்ய வேண்டும். அதாவது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது. எனக்கு இன்றைக்கும் கைவராதது இதுதான்.

அவள் போனை அவளுக்குத் தெரியாமல் பார்க்கலாமா?

ஆபத்து என்று உறுதியான அறிகுறி இல்லாதவரை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளையைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால் கண்காணித்தால் போதும் என்று எல்லாரும் நினைத்தார்கள். இவர்கள் ஒரு படி மேலே போய், அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். துருவிக் கேட்டதாலோ கட்டுப்படுத்தியதாலோ கிடைத்தது கொஞ்சம்தான். பிள்ளை தானாக வந்து சொன்னதால் கிடைத்ததே அதிகம்.

இதைப் படித்த பிறகு என் மனதில் இருந்த கேள்வியே மாறிவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விட்டுவிட்டு, எப்படி இருந்தால் இவள் என்னிடம் சொல்வாள் என்று யோசிக்கத் தொடங்கினேன். வகுப்பில் ஒருத்தன் சிகரெட் பிடிக்கிறான் என்று மகன் சொன்னால் "இனி அவனோடு சேராதே" என்று பாய்கிறோமா, "ஓ, அப்புறம்?" என்கிறோமா? பாய்ந்தால் அடுத்த தடவை அந்தச் செய்தி வீட்டுக்குள் வராது. சிகரெட் செய்தியில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்துத்தான், அதைவிடப் பெரியதை நம்மிடம் சொல்லலாமா என்று பிள்ளை முடிவு செய்கிறது.

எல்லாரும் அறிந்த விதிகள் இருக்கலாம். எங்கள் வீட்டில் இரவு 10 மணிக்கு எல்லாப் போன்களும், என்னுடையதும் சேர்த்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் போனைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் முடிந்தவரை "எனக்குப் பயமா இருக்கு, பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஒரு நிலைமையை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். யாரோ ஒருவன் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். பிள்ளை அழுதுகொண்டே உங்களிடம் வருகிறது. அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் "ஏன் அனுப்பினே?" என்று இருக்கக்கூடாது. "சொன்னது நல்லதாப் போச்சு, நான் பாத்துக்கறேன்" என்று இருக்க வேண்டும். பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் ஆணோ பெண்ணோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இதையெல்லாம் எதுவும் நடப்பதற்கு முன்பே, சாதாரணமாகச் சாப்பிடும்போது பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: "என்ன ஆனாலும் எங்ககிட்ட வரலாம்."

ராத்திரி ஒரு மணிவரை முழித்திருக்கிறான், காலையில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவு சோம்பேறித்தனமா?

போனுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பாதிக் காரணம் உடம்பு. பருவம் எய்தும்போது தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது. மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 9 மணிவரை டியூஷன், விடிகாலை 5 மணிக்கு இன்னொரு டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? என் வகுப்பில் முதல் பீரியடில் கண் சொருகும் பிள்ளைகளை முன்பெல்லாம் எழுப்பி நிற்கவைப்பேன். இப்போது செய்வதில்லை. இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்த முடியுமா என்று அவர்கள் வீட்டில் கேட்கிறேன். தூங்கி எழுந்த மூளை படிப்பது அதிகம், எரிந்து விழுவது குறைவு.

மார்க் விஷயத்தில் கண்டிக்காமல் எப்படி இருக்க முடியும்?

முடியாது, புரிகிறது. ஒரு ப்ளஸ் டூ மார்க்கில் எத்தனை வருடச் சம்பாத்தியமும் கனவும் தொங்குகின்றன என்று எனக்குத் தெரியும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் சேர்க்க நகையை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நகையின் கதையைப் பிள்ளையும் தினமும் கேட்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்துபாருங்கள். பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எது என்று ஐந்து நாள் குறித்து வையுங்கள். என் மகள் பதினொன்றில் இருந்தபோது நான் செய்தேன். ஐந்து நாளும் "டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?" மூன்றாம் நாள் அவள் கையில் கட்டுப் போட்டிருந்தாள். பேப்பரைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

ஒப்பிடுவதையும் நான் செய்திருக்கிறேன். "உங்க பெரியம்மா பொண்ணு" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள். அதற்குப் பிறகு என் மகள் அந்த அக்காவோடு பேசுவதையே ஒரு வருடம் நிறுத்திவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே அக்கா உறவை என் வாயால் கெடுத்தேன். பிறகு மகளிடமே அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதில்லை. அரசே விட்டுவிட்ட அந்த வரிசையைப் பல வீடுகளில் நாம் இன்னும் விடவில்லை. முடிவு வரும் நாளில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முதல் நாளே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோற்றுப்போனால் சில வாரத்தில் துணைத்தேர்வு வரும், தேர்ச்சி பெற்றால் அந்த வருடமே மேலே படிக்கலாம். இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். முடிவு வரும் அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அன்று சொந்தக்காரர்களின் போனை நீங்களே எடுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

பெண் பெரியவளான பிறகு அவளுடைய அப்பா அவளோடு சரியாகப் பேசுவதே இல்லை. இதைச் சரிசெய்ய முடியுமா?

இந்தக் கேள்வியை அம்மாக்கள்தான் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அந்தப் பெண்களும் தனியாக இருக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "அப்பாவுக்கு என்மேல என்ன கோபம் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். கோபமே இல்லை. நேற்றுவரை தோளில் தூக்கிச் சுமந்த பெண்ணை இனி எப்படித் தொட்டுப் பேசுவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பா அவருடைய அக்காவிடமிருந்து இப்படித்தான் விலகினார். அவர் கண்ட மரியாதை அதுதான்.

பெண்ணுக்கோ அது வேறு மாதிரி போய்ச் சேர்கிறது: என் உடம்பு மாறியது, அதனால் அப்பா போய்விட்டார். தன் உடம்பைப் பற்றி அவள் படிக்கும் முதல் பாடமே இதுவாக இருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஊரையே அழைத்து, பேனர் வைத்து, அவளை மேடையில் உட்காரவைக்கிறோம். அவளுக்கு விருப்பமா என்று கேட்ட வீடு எத்தனை? சிலருக்கு அந்தப் பட்டுப்புடவையும் சீரும் கூட்டமும் பிடித்திருக்கும், சிலருக்கு உடம்பெல்லாம் கூசும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாமன் சீர் குறைந்துவிடும் என்பதற்காக ஒரு பெண்ணைக் கூச்சப்படுத்த வேண்டுமா?

அப்பாக்களுக்கு நான் சொல்வது பெரிய பேச்சு எதுவும் இல்லை. டியூஷனுக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்கள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்துங்கள். உங்கள் வேலையைப் பற்றி, இன்று வந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லுங்கள். நாப்கின் வாங்கி வரச் சொன்னால் கறுப்புப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவராமல் சாதாரணமாக வாங்கி வாருங்கள். தலையில் கை வைத்து "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பதில் எந்த மரியாதையும் குறையாது. லாரி ஓட்டும் ஒரு தகப்பனார் ஒவ்வொரு ஊரிலும் இறங்கி அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். அவருக்கு எழுதப் படிக்க அதிகம் வராது. அந்தப் பெண் அத்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறாள்.

பத்தாவது படிக்கும் என் மகள் ஒரு பையனோடு பேசுகிறாள் என்று தெரிந்தது. படிப்பை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

15 வயதில் ஒருவர் மேல் ஈர்ப்பு வருவது இயல்பு. நமக்கும் வந்தது. பள்ளியை நிறுத்தினால் அந்த ஈர்ப்பு போகாது, அவளுக்கு வெளியே வேறு துணையே இல்லாமல் போகும். அப்போதுதான் அந்தப் பையன் ஒருவனே கதி என்று ஆகும். அவசரமாகக் கல்யாணம் பேசுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடியாமல் நடத்தும் திருமணம் குற்றம். நடத்தி வைப்பவர்களுக்கும் தண்டனை உண்டு.

பல வீடுகளில் உண்மையான பயம் பையனைப் பற்றியது அல்ல, அவன் என்ன சாதி என்பதைப் பற்றியது. இதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. அந்தப் பயத்தில் பெற்றவர்களே பிள்ளையை அடித்து முடக்கியதையும், அதைவிட மோசமானதையும் நம் மாவட்டங்கள் பார்த்திருக்கின்றன. எந்தச் சாதிப் பெருமையும் உங்கள் மகளின் ஒரு சொட்டுக் கண்ணீருக்கு ஈடாகாது.

பேசும்போது அந்தப் பையனைத் திட்டுவதில் தொடங்காதீர்கள். அவன் எப்படிப்பட்டவன், என்ன பேசுவீர்கள், அவனோடு இருக்கும்போது உனக்குப் பயமாக இருந்தது உண்டா என்று கேளுங்கள். சட்டத்தையும் இரண்டு பேருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும், முக்கியமாகப் பையனைப் பெற்றவர்கள் சொல்ல வேண்டும்: 18 வயதுக்குக் கீழே உடல் உறவுக்குச் சம்மதம் என்பது போக்சோ சட்டத்தில் செல்லாது. விருப்பத்தோடுதான் என்றாலும் வழக்கு வரும்.

வண்டிச் சாவியைக் கேட்டு அடம்பிடிக்கிறான். பக்கத்துக் கடைக்குத்தானே, கொடுக்கலாமா?

கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்று ஆண்டுவரை சிறைக்குப் போகலாம், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது.

2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் இருவரும் கணினியில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது எடுத்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. உங்கள் பையன் நல்லவன்தான். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் அவன் வேறு ஆள்.

கோபத்தில் அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடாதா?

போகாது, கேளுங்கள். "அடிச்சது என் தப்பு" என்பதோடு நிறுத்திவிடுங்கள். "ஆனா நீ ஏன் அப்படிப் பேசினே" என்று சேர்த்தால் அது மன்னிப்பே இல்லை. உங்கள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பிள்ளையை அடித்தால் வலிப்பது உடம்பு அல்ல, மானம்தான். அதை அவன் வெகுகாலம் மறக்க மாட்டான்.

அப்பா துபாயில் இருக்கிறார். வீடியோ கால் வந்தால் பிள்ளை "ம்", "சரி" என்று போனை என்னிடம் தந்துவிடுகிறான்.

அப்பா பேசும் அந்தப் பத்து நிமிஷத்தில் படிப்பு, மார்க், அம்மா சொன்ன புகார் இவைதான் இருக்கும். புகாரை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பையனிடம் அவர் ஒரு விளையாட்டைப் பற்றியோ, தங்கியிருக்கும் அறையில் இன்று என்ன சமைத்தார்கள் என்றோ பேசட்டும். இருவரும் அவரவர் ஊரில் ஒரே கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நடுவில் ஒரு வரி அனுப்பிக்கொள்வதும் உறவுதான்.

எது இந்த வயதின் மாற்றம், எதற்குப் பயப்பட வேண்டும்?

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் நண்பர்களோடு சிரித்தால் அது வயது. நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், சாப்பாடு இரண்டும் மாறியிருப்பது, பிடித்த விளையாட்டையே தொடாமல் இருப்பது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொல்வது. கடைசியில் சொன்னதை மிரட்டல் என்று ஒருபோதும் ஒதுக்காதீர்கள்.

நேரடியாகவே கேட்கலாம்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவர் கேட்டதே பல பிள்ளைகளுக்குப் பாரம் இறங்கியது மாதிரி இருக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 முதல் செயல்படும் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு. பிள்ளைக்கு மட்டுமில்லை, என்ன செய்வது என்று தெரியாத நீங்களும் இவற்றைக் கூப்பிடலாம்.

"பைத்தியம்னு சொல்லிடுவாங்க டீச்சர்" என்று தயங்கிய ஓர் அம்மாவோடு நானே மருத்துவமனைக்குப் போனேன். காய்ச்சலுக்கு வரிசையில் நிற்பதுபோல நின்றோம். வரிசையில் இன்னும் ஆறேழு பள்ளிச் சீருடைகள் இருந்தன.

இத்தனை வருடம் அதட்டியே பழகிவிட்டோம். பையன் இந்த வருடம் ப்ளஸ் டூ. இனி ஆரம்பித்தால் நடக்குமா?

நடக்கும், ஆனால் ஒரே வாரத்தில் நடக்காது. "வா, உட்காரு, பேசணும்" என்று அழைத்தால் பையன் விசாரணை என்று நினைப்பான். எதிரெதிரே உட்கார வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது, வண்டியில் போகும்போது, செடிக்குத் தண்ணீர் விடும்போது, முகம் பார்க்காமலே பேச்சு வரும். முதல் மாதம் கேள்வியே கேட்காமல் உங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். போனில் மின்கட்டணம் கட்டுவதாக இருக்கட்டும், படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுவதாக இருக்கட்டும். அவன் பொறுமையிழந்தால் நீங்கள் இழக்காதீர்கள்.

என் மகளோடு இதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. கல்லூரிக்குப் போகும்வரை "ம்" தவிர அதிகம் கிடைக்கவில்லை. விடுதிக்குப் போன நான்காவது மாதம், ஒரு ராத்திரி 11 மணிக்கு அவள் நம்பரிலிருந்து போன். பதறிப்போய் எடுத்தேன். தோழிக்குக் காய்ச்சலாம், மிளகு ரசம் வைக்கணுமாம், புளி எவ்வளவு என்று கேட்டாள். நெல்லிக்காய் அளவு என்றேன். அடுப்பில் கொதிக்கிறவரை அவள் போனை வைக்கவில்லை.